வாயைப் பார்த்துச் சேர்த்த மீன்கள்

உன் கிளினிக்கில் இப்போது கிராம்பு எண்ணெய் மணப்பதில்லை. சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். அது அவ்வப்போது தும்முகிறது. எலுமிச்சை வாசனை வருகிறது. ஆனால் மீன்தொட்டியின் அருகே போனால் அதையும் மீறிப் பழைய பாசி மணம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நேற்று அந்த மணத்தில் நின்றபோதுதான் இதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ படிக்கப்போவதில்லை என்பதால் எதையும் இனிப்பாக்கிச் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

உன் மருமகன் நேற்று கிளினிக்கைப் புதுப்பித்துத் திறந்தார். உன் முதலாம் ஆண்டு நினைவையும் அதையும் ஒரே பிரியாணியில் முடித்துக்கொண்டார்கள். நம் ஊரில் திறப்பு விழாவுக்கு வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை அல்லவா? எத்தனை சுவர்க் கடிகாரங்களை வாங்கி வைப்பது என்று யோசித்த உன் மருமகன், அழைப்போடு ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தார்: மாமாவின் தொட்டிக்கு அன்பாக ஒரு மீன் கொண்டுவந்தால் போதும். சொந்தபந்தங்கள் மனமுருகிப்போனார்கள். ஆளுக்கொரு பாலிதீன் பையோடு வந்தார்கள்.

அந்த எட்டடித் தொட்டியில் நீ மூன்றே மூன்று வகை மீன் வைத்திருந்தாய். மேலே முத்து கௌராமி, நடுவில் ஊசி மாதிரி நீலமும் சிவப்புமான நியான் கூட்டம், தரையில் மீசை வைத்த சின்னக் கெளுத்திகள். ஒன்றின் இடத்துக்கு மற்றொன்று வராது. அதைத் தேர்ந்தெடுக்க நீ எடுத்துக்கொண்ட காலத்தில் நம் வீடுகளில் இரண்டு கல்யாணங்களைப் பேசி முடித்துவிடுவார்கள். மீனைப் பற்றி விசாரித்த அளவுக்கு மாப்பிள்ளைகளைப் பற்றி யாரும் விசாரிப்பதும் இல்லை. நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்த பல் டாக்டர் நீ. மீன்கடையிலும் அதையேதான் செய்தாய். "ரெண்ட ஒண்ணா விடணும்னா மொதல்ல பெரியவனுக்க வாயப் பாரு, பொறவு சின்னவனுக்க ஒடம்பப் பாரு. உள்ள போகும்னா அது கூட்டு இல்ல, கேட்டியா" என்பாய்.

நாகர்கோவில் கடைக்காரர் உள்ளங்கை அகலமுள்ள ஒரு மீன்குஞ்சைக் காட்டி, தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும் டாக்டர் என்றது நினைவிருக்கிறதா? உலகத்து மீன்கடைகள் எல்லாம் சேர்ந்து சொல்லும் பொய் அது. "உம்ம மவன் வீட்டுக்குத் தக்கபடியா வளந்தான்?" என்று கேட்டாய். அவர் மகன் அப்போது குனிந்துதான் வாசலைக் கடந்துகொண்டிருந்தான்.

வரிப்புலி மாதிரி இருக்கும் டைகர் பார்ப் மீன்களை நான் அழகு என்றபோது அதையும் மறுத்தாய். கௌராமிக்கு நெஞ்சிலிருந்து இரண்டு நூல் தொங்கும். அவற்றால்தான் அது எதிரே இருப்பதைத் தொட்டுத் தெரிந்துகொள்ளும். டைகர் பார்ப் அந்த நூலைக் கடித்துத் துண்டாக்கிவிடும் என்றாய். பசிக்காகவா என்றேன். "பசியா? பொழுது போகாண்டாமா மக்கா" என்றாய். அதன் பிறகு நான் வேலை பார்த்த கல்லூரியின் ஆசிரியர் அறையைப் பார்க்கும் கண்ணே எனக்கு மாறிவிட்டது.

ஆனால் உன் மனைவியின், நான் மைனி என்று கூப்பிடுகிறவளின், அண்ணன் துபாயிலிருந்து விடுமுறையில் வந்து பெரிய வாய்க்கார ஆஸ்கர் மீன் ஒன்றை நீட்டியபோது உன் வீட்டில் நடந்தது வேடிக்கை இல்லை. அங்கே அரபு ஷேக்குகளின் வீடுகளில் எல்லாம் இதுதான் நிற்கிறது என்றார். அங்கேயே நிற்கட்டும் என்று சொல்லி, அவரை வயிறாரச் சாப்பிட வைத்து, மீனையும் கையில் கொடுத்து அனுப்பினாய். அவர் உன் படியேறுவதை நிறுத்திக்கொண்டார். "ஒரு மீனுக்க வாயப் பாத்து எனக்க கூடப்பொறந்தவன வெட்டி விட்டாச்சு" என்று மைனி எனக்குக் காப்பி தரும்போதெல்லாம் உனக்குக் கேட்கும்படி சொல்வாள். அந்தக் காப்பியில் சர்க்கரையும் குறைவாக இருக்கும். பிறகு அவர் உன் அடக்கத்துக்குத்தான் வந்தார்.

அதே மச்சான்தான் நேற்று சிறப்பு விருந்தினர். அவர் தந்த ஃப்ளவர்ஹார்ன் மீன் மட்டும் முந்தின வாரமே வந்து தொட்டியில் பழகியிருந்தது. அதன் நெற்றியில் ஒரு பெரிய வீக்கம். வீக்கம் பெருக்கப் பெருக்க வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று எல்லோருக்கும் விளக்கினார். அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தே அந்த முடிவுக்கு வந்திருக்க வேண்டும். குளச்சலிலிருந்து வந்த உறவினர்கள் டைகர் பார்ப் கொண்டுவந்தார்கள். பல் சாமான் விற்கும் ஏஜெண்ட், சிவப்பு வால் கெளுத்திக் குஞ்சு ஒன்றைத் தந்தார். இப்போது விரல் நீளம். வளர்ந்தால் நோயாளி நாற்காலியில் படுக்க வைக்கலாம்.

போதகர் தொட்டியின் முன்னால் நின்று ஜெபிக்கும் முன் சில வார்த்தை பேசினார். எத்தனை நிறங்கள், ஆனால் ஒரே தண்ணீர், இந்த டாக்டர் நமக்கு விட்டுப்போன பாடம் இதுதான் என்றார். அவருடைய தோளுக்குப் பின்னால் ஃப்ளவர்ஹார்னின் வாயில் ஒரு நியானின் வால் மட்டும் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. அதை வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். பிரியாணித் தட்டை வாங்குவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

போதகர் பேசிக்கொண்டிருக்கும்போதே உன் மருமகனைத் தனியே கூப்பிட்டு, பழைய மீன்களை மட்டும் எனக்குத் தந்துவிடுங்கள் என்று கேட்டேன். கெட்ட பையன் இல்லை, கண் கலங்கிவிட்டது. "மாமா நினைவா இருக்கது அதுவதான் அங்கிள். அதுவ இங்கதான் நிக்கணும்" என்றார். உன் நினைவாக அவை கடிபட வேண்டும் என்பதை இதைவிடப் பணிவாகச் சொல்ல முடியாது.

இதை மைனி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். போதகர் ஜெபிக்கக் கண்ணை மூடப்போன நேரத்தில் பட்டுச்சேலையோடு ஸ்டூலில் ஏறினாள். கையில் உன் பழைய வலை. நீ தண்ணீர் மாற்றும் நாட்களில் மீன்களை முணுமுணுத்துக்கொண்டே பிடித்துத் தந்தவள் அவள்தானே, கை மறக்கவில்லை. ஒரு கௌராமி வாளியில் விழுந்தது. அதன் நூலில் ஒன்று ஏற்கெனவே பாதிதான் இருந்தது.

"ஏட்டி, ஆளுவ பாக்காவ" என்றார் மச்சான்.

"பாக்கட்டு" என்றாள். அடுத்த கௌராமியையும் பிடித்தபின் திரும்பாமலே சொன்னாள். "உனக்க மீனு அங்கேயே கெடக்கட்டு அண்ணே. அவியளுக்க மீன நான் எடுத்துக்கிடுதேன்."

போதகர் பொறுமையாக நின்றார். தரைக் கெளுத்திகள் கிடைத்தன. மிச்சமிருந்த நியான்கள் தொட்டிக்குள் கிடந்த மரவேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. எவ்வளவு முயன்றும் வலைக்கு வரவில்லை. அதற்காக மட்டும் மைனி ஸ்டூலில் நின்றபடியே கொஞ்சம் அழுதாள். பிறகு வாளியை என்னிடம் நீட்டினாள். "சாரே, உங்க வீட்டுப் பொறத்தால சிமெண்டுத் தொட்டி உண்டும்லா?"

ஆட்டோவில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வேட்டி முழுக்க உன் தொட்டித் தண்ணீர்.

இன்று காலை என் கொழுந்தியாள் போன் செய்தாள். நான் மீன் வளர்க்கத் தொடங்கிவிட்டது அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது திற்பரப்புப் பக்கம் ஒரு கடையில் பார்த்த நல்ல மீன் ஜோடி ஒன்றை வாங்கி வருவதாகச் சொன்னாள். நான் யோசிக்கவே இல்லை. "அதுக்க வாய் எவ்வளவு பெருசு?" என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரப்போவதில்லையாம். என் மனைவி சற்றுமுன் சொன்னாள். காப்பியில் சர்க்கரை குறைவு. அதைக் குடித்துக்கொண்டே தொட்டியருகில் உட்கார்ந்திருக்கிறேன். பாதி நூல்காரன் அந்தப் பாதியை நீட்டிச் சிமெண்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறான்.