குசினிச் சுவரில் மூன்று பேர்

18.02.2001, ஞாயிறு
முள்ளிவாய்க்கால்

மகள் மேரி யாழ்ப்பாணத்தில் என் அக்கா வீட்டில் நின்று படிக்கிறாள். சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிறது; அவளிடமிருந்து கடிதம் வந்து நாலு மாதமாகிறது. கடிதம் நின்றதிலிருந்து என் மனுசன் கடலால் வந்ததும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்பார். ஒரு செய்தியும் விடமாட்டார். என்னோடு கதை இல்லை. நானும் அவளின் பெயரை எடுப்பதில்லை.

இன்று பூசையால் வந்தபோது, நேற்றுச் சுண்ணாம்பு அடித்த குசினிச் சுவர் காய்ந்து பளிச்சென்று இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. அடுப்புக் கரியால் இவரைக் கீறினேன். மடியில் றேடியோ, சுளகளவு காது.

தேத்தண்ணிக்கு வந்தவர் அப்படியே நின்றார்.

"இது ஆர்?"

"நீங்கள்தான்."

"என்ர காது இவ்வளவு பெரிசோ?"

"ஓம். நான் கதைக்கிறது மட்டும் அதுக்குள்ள போகாது."

ஏசப்போகிறார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கரியை வாங்கி, கொஞ்சம் தள்ளி என்னைக் கீறினார். தேங்காய்க்குக் கொண்டை போட்டது போல இருந்தது. நடுவில் இடம் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"மேரி இப்ப எவ்வளவு உயரம் வந்திருப்பாள்?"

"என்ர தோள் மட்டுக்கு."

"சும்மா இரு. உன்னைவிட உயரம். அவள் என்ர வளர்த்தி."

நாலு தரம் அழித்து அழித்துக் கீறினோம். செய்தி நேரம் போனது இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் என்னைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிறாள்.

அவளுக்கு மஞ்சள் சட்டைதான் பிடிக்குமாம். நாளைக்கு மஞ்சள் கரைத்துப் பூசலாம் என்று இவர்தான் சொன்னார்.