ஃப்ரீசர் ரூமில் வேர்த்தது

சின்னவளோட அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? சின்னவளுக்குப் பரீட்சை முடிஞ்சிருக்குமே. நான் நல்லாத்தான் இருக்கேன். ஆண் ஹார்மோன்தான் என் புராஸ்டேட் கேன்சருக்குத் தீனியாம். அது சுரக்காம ஊசி போட்டு நிறுத்திட்டாங்க. ஊசி நல்லா கேக்குதுன்னு டாக்டருக்கு சந்தோஷம்.

ஒரு கூத்தைக் கேளு. போன வாரம் ஃப்ரீசர் ரூம்ல மீன் பெட்டி அடுக்கும்போது, திடீர்னு உடம்பெல்லாம் காந்த ஆரம்பிச்சுது. உனக்குத் தீட்டு நின்னப்போ வருமே, அதே சூடு. ஊசியால வர்றதாம். ஜாக்கெட்டையும் குல்லாவையும் கழட்டி எறிஞ்சேன். தலையிலிருந்து குபுகுபுன்னு புகை! உள்ளே வந்த சூப்பர்வைசர் "ஐயோ பேய்!"னு அலறிக்கிட்டு ஓடினார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

ஆனா அவர் சரியாத்தான் பார்த்தாரோன்னு அப்புறமா ஒரு நெனப்பு. உன் போட்டோவை எடுத்து வச்சுப் பார்க்கிறேன். ஊசிக்கு முன்னாடி எனக்குள்ள இருந்த, உன் மேல உசிரா ஆசைப்பட்டவனை நல்லா ஞாபகம் இருக்கு. என்கூட இதே ரூம்ல இருந்துட்டு, சொல்லாம கொள்ளாம காலி பண்ணிட்டுப் போனவன் மாதிரி. செருப்பு மட்டும் வாசல்ல கிடக்கு.

ஊசியை நிறுத்தினா எல்லாம் திரும்ப வரலாம்னு டாக்டர் சொல்றார். எப்போ நிறுத்துவாங்கன்னு நான் கேக்கலை.

லீவுல ஊருக்கு வந்திருக்கிற நம்ம கம்பெனி டிரைவர் அடுத்த வாரம் இங்கே திரும்புறார். ரெண்டு பனியனும் ஒரு விசிறியும் கொடுத்து விடு. பையில இடம் இருந்தா, நீ கட்டுற சேலை ஒண்ணு.

வேன் ஹாரன் அடிக்குது, ஓடணும்.

சேலையைத் துவைக்காம அனுப்பு.