கரவனைத் திருப்பிய நாள்

மச்சான்,

இன்று ஹார்ட்வெயார் கடையில் யாரோ பைப் பசை டப்பாவைத் திறந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். வாங்கப் போன சாமானை மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அது, உம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதம். எங்கள் வீட்டுக் கக்கூஸில் குந்தத்தான் வேண்டும், அவரால் குந்த ஏலாது. அறுகம்பேயில் விடுதி நடத்திய சாச்சா, அதை மூடும்போது தந்த பழைய கரவன் வளவில் நின்றது. நம் இருவருக்கும் மூத்த, சக்கரம் வைத்த வீடு. கட்டிலுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் இருந்ததால் உம்மாவை அதில் படுக்கவைத்தோம். ஆனால் அதில் உட்காரும் கொமட் வெடிப்பு விட்டிருந்தது. பிறர் தூக்கிப் பிடிக்கும் வெட்கத்துக்கு அஞ்சி, உம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். உதடு காய்ந்து தோல் உரிந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நீ புதுக் கொமட்டோடு வந்தாய். தரைக்குள் கிடந்த பழைய பைப் நம் ஊர் அளவு எதற்கும் சேரவில்லை. "எந்த நாட்டான் செஞ்சானோ, அவனோட கொஞ்சம் கதைக்கணும்" என்று முணுமுணுத்தபடி இரண்டு நாள் மல்லுக்கட்டினாய். கடைசியில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. உம்மாவைத் தாங்கிவந்து காட்டினோம். அவர் முதலில் ஜன்னலைப் பார்த்தார், பிறகு உன்னை.

"நீ பட்ட பாடு தெரியும் மகன். ஆனா கிப்லாவப் பார்த்து எப்பிடி மனே இரிக்கிற?"

கக்கூஸில் இருக்கும்போது, தொழும் திசையான கிப்லாவுக்கு முகமும் காட்டக்கூடாது, முதுகும் காட்டக்கூடாது. எந்த வீட்டுக்குப் பைப் வேலைக்குப் போனாலும் அதை முதலில் கேட்கிறவன் நீ. அந்தப் பைப் உன்னை மறக்கடித்துவிட்டது. கொமட்டைத் திருப்பினால் முழங்கால் சுவரில் முட்டும்.

நீ வெளியே போய்க் குனிந்து சக்கரங்களைப் பார்த்தாய்.

"கொமட்டத் திருப்ப ஏலாது மச்சான். ஊட்டத் திருப்புவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை. பின்னேர அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தவர்களைப் பள்ளிவாசலிலிருந்து அப்படியே கூட்டிவந்தாய். குழிக்குப் போகும் பைப்பைக் கழற்றி, வாகனம் தூக்கும் ஜக் வைத்து உயர்த்தி, சக்கரத்துக்குப் பலகை போட்டு, பதினைந்து பேர் தோள் கொடுத்தோம். உம்மா இறங்க மறுத்துவிட்டார். அந்தப் பாரம் முனகிக்கொண்டு மணலில் அசைந்தது. ஜன்னலில் தெரிந்த தென்னை மெல்ல விலகி, அந்த இடத்தில் பள்ளிவாசல் மினாரா வந்து நின்றது.

"சுபஹானல்லாஹ்," என்றது உள்ளேயிருந்து உம்மாவின் குரல், "ஊரே சுத்துது மனே."

பொழுது மறைந்து தொழும் மஃரிபுக்கு முன் பைப்பை நீட்டிப் பூட்டிவிட்டாய். உம்மா தானாகவே தண்ணீர் கேட்டு வாங்கி, இரண்டு கோப்பை குடித்தார். ஒரு மனுசி வெட்கப்படாமல் தண்ணீர் குடிக்க ஒரு வீட்டையே திருப்பலாம் என்று யாருக்குத் தோன்றும்?

போன நோன்புக்கு முந்திய ஒரு காலையில் உன் நெஞ்சு நின்றுபோனது. கப்ருக் குழிக்குள் இறங்கியவர்களில் நானும் ஒருவன். உன்னை வலப்பக்கம் சாய்த்து, கிப்லாவுக்கு முகத்தைத் திருப்பி வைத்தேன். அன்று கரவனுக்குப் பதினைந்து பேர் வேண்டியிருந்தது. நீ என் ஒரு கைக்கே திரும்பினாய். அந்தக் கையை எங்கே வைப்பதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை மச்சான்.