துகைம் கொடுத்த முகம்

பாக்தாத்
ரஜப் பிறை ஐந்து, 1342

அண்ணன் மகன் நஹாருக்கு,

உன் கூடாரத்து அடுப்பில் நெருப்பும் ஒட்டக மடியில் பாலும் வற்றாதிருக்க வேண்டி, பாக்தாத் நகரமே அறிந்த உன் சாச்சா துகைம் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்களிடமிருந்துதான் இரண்டு மாதமாக ஒரு வரி கிடையாது. நம் கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன். அந்தக் கைக்கும் சுளுக்கா?

ஹாலோவே துரையை மறந்திருக்க மாட்டாய். ஒரு காலத்தில் நம் பாலைவனத்தைக் கடக்க வந்து, நம் ஆட்கள் ‘கண்ணாடிக்காரன்’ என்று கூப்பிட்ட அதே வெள்ளைக்காரர். இப்போது அரசாங்கத்துக்கே யோசனை சொல்கிறார். ஆற்றோரம் மாளிகை. மீனில் உப்புப் போதுமா என்று என்னைக் கேட்காமல் வாயில் வைக்க மாட்டார். அன்று கொள்ளைக்காரர் நாற்பது பேர் வளைத்துக்கொண்டபோது, என் தலைத்துணிமேல் சுற்றியிருந்த தலைக்கயிற்றைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டி, “இவன் என் முகத்துல இருக்கான், இவனைத் தொட்டா என்னைத் தொட்ட மாதிரி” என்று ஒரு சத்தம் போட்டேன் அல்லவா? அந்தச் சத்தத்தில் இரண்டு குதிரைகள் படுத்தேவிட்டன. துரை அதைப் புத்தகத்தில் எழுதிவிட்டார். லண்டனில் என் பெயர் தெரியாத குழந்தை இல்லையாம்.

காரியத்துக்கு வருகிறேன். துப்பாக்கிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்க முடியாது என்று உன் வாப்பா ஷலாஷ் சொல்லியனுப்பியதில் இங்கே பலருக்குக் கோபம். ஷலாஷ் நேரில் வரட்டும், பேசித் தீர்த்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போகட்டும் என்கிறார் துரை. அண்ணனை வரச் சொல்.

ஆலோசகருக்கே ஆலோசகன்,
சாச்சா துகைம்


ஹஸீமா கிணற்றடி
ஷஃபான் பிறை மூன்று

மரியாதைக்குரிய சாச்சாவுக்கு, நஹார் ஸலாம் கூறி எழுதுவது.

உங்கள் கடிதத்தை வாப்பாவுக்கும் மற்ற ஆண்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். குதிரைகள் படுத்த இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீங்கள் இங்கே இருந்தவரை கொள்ளைக்காரர் ஒன்பது பேராகத்தான் இருந்தார்களாம். பாக்தாதில் சாப்பாடு நன்றாக இருக்கிறது போல, அதுதான் ஆட்கள் பெருகிவிட்டார்கள் என்றார் வாப்பா.

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. அரசாங்க விமானம் இரண்டு தடவை தலைக்குமேல் தாழப் பறந்தது. மிரண்டு ஓடியதில் சினையாடுகள் பல குட்டியை உதிர்த்துவிட்டன. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் வடக்கே இருப்பவர்கள் மந்தையை ஓட்டிப் போவார்கள். கொடுக்காவிட்டால் குண்டு விழும். நேரில் போய்ப் பேசுவது ஒன்றே வழி என்று வாப்பாவுக்கும் தெரிகிறது. போனவர் திரும்புவாரா என்பதுதான் எங்கள் பயம். உம்மா அவருடைய சேணத்தை எங்கோ ஒளித்து வைத்துவிட்டார்.

வாப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“துகைம் இதை வாயால சொல்றானா, முகத்தால சொல்றானான்னு கேளு. வாயாலன்னா சிரிச்சுட்டு விட்டுடலாம். முகத்தாலன்னா நான் கிளம்புறேன். அவன் கயிறு திரிக்கிறவன்தான். ஆனா முகம் கொடுத்து என் தம்பி இதுவரை பொய் சொன்னதில்ல.”

ஒரு வார்த்தை எழுதினால் போதும், சாச்சா.

நஹார்


பாக்தாத்
ஷஃபான் பிறை பதினேழு

நஹாருக்கு,

ஒன்பதுதானாம்! மணல்மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்களை யார் கணக்கில் சேர்ப்பது? உன் வாப்பா அங்கே இருந்தாரா, நான் இருந்தேனா?

உன் கடிதம் கிடைத்த அன்றே துரை வீட்டுக்குப் போனேன். காவலாளி என்னைக் கண்டதும் நடுநடுங்கிக் கதவைத் திறந்தான். (வாப்பாவுக்குப் படிக்கும்போது இதை விட்டுவிடு. பொழுது சாயும்வரை வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன்.) துரை நாற்காலியை விட்டு இறங்கி என்னோடு கம்பளத்தில் உட்கார்ந்தார். உன் வாப்பா கேட்டதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நம்மில் ஒருவர் சொல்வதுபோலவே, நம் பேச்சிலேயே சொன்னார்:

“ஷலாஷ் என் முகத்துல வரட்டும், என் முகத்துல போகட்டும்.”

சொல்லிவிட்டு, வாக்குக் கொடுக்கும் நம் ஆட்களைப்போல வலது கையால் மூக்கைத் தொட்டார். இந்த வார்த்தையின் எடை அவருக்குத் தெரியும், நஹார். என் தலைக்கயிறு அவர் கழுத்தில் கிடந்த அன்றைக்கே தெரிந்துகொண்டார்.

ஆகவே எழுதுகிறேன்: முகத்தால். அவர் முகத்தின்மேல் என் முகத்தையும் வைக்கிறேன். சேணத்தை எடுத்துக் கொடுக்கும்படி உம்மாவிடம் சொல். அண்ணன் வரும் அன்று பாலத்தில் மேளத்தோடு நிற்பேன்.

மாளிகையின் திறவுகோல்,
சாச்சா துகைம்


ஹஸீமா கிணற்றடி
ஷவ்வால் பிறை ஒன்பது

சாச்சாவுக்கு,

பெருநாள் வந்து போய்விட்டது, வாப்பா வரவில்லை. உங்களிடமிருந்தும் கடிதம் இல்லை. அவரோடு போன இருவர் நடந்தே திரும்பிவிட்டார்கள். சத்திரத்துக்குப் போலீஸ் வந்து அவரைக் கொண்டுபோனதைப் பார்த்தோம், மற்றது தெரியாது என்கிறார்கள். கப்பலில் ஏற்றிவிட்டதாக ஒரு லாரிக்காரன் சொல்கிறான். இங்கே கப்பலைப் பார்த்தவர் யாருமில்லை. அதில் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்குமா என்று உம்மா கேட்கிறார். அவர் உயிரோடு இருக்கிறாரா? உங்கள் அலங்காரம் எதுவும் இல்லாமல் எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உம்மா கறுப்புத் துணி தைத்து முடித்துவிட்டார். முகம் கொடுத்து முறித்தவனுடைய பெயரைக் கூவி அதைக் கிணற்றடிக் கம்பில் கட்டுவது உங்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீருக்கு வருகிற கூட்டமெல்லாம் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு போகும். யார் பெயர் என்று இங்கே சண்டை நடக்கிறது. சிலர் கண்ணாடிக்காரன் பெயர் என்கிறார்கள். சிலர் உங்கள் பெயர் என்கிறார்கள்.

உம்மா சொன்னார்: “அவன்கிட்டயே கேளு. அவன் எந்தப் பேரைச் சொல்றானோ அதையே கூவுறேன்.”

நஹார்


பஸ்ரா
துல்கஃதா பிறை இரண்டு

நஹாருக்கு,

உன் வாப்பா இறந்துவிட்டார். கடலுக்கு நடுவே ஒரு தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே காய்ச்சல் கண்டது. மீனவர்கள் குளிப்பாட்டித் தொழுகை வைத்து அடக்கம் செய்தார்கள். அவர்களில் ஒருவரை இங்கே பார்த்துப் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். நிச்சயமாகத் தெரியாமல் எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை.

அண்ணன் பாக்தாதுக்கு வந்த அன்று பாலத்தில் நின்றேன். மேளம் கிடையாது, நான் மட்டும். எல்லோருக்கும் முன்னால் என் காதைத் திருகி, “எங்கடா உன் நாப்பது பேரு?” என்று கேட்டார். இரண்டு நாள் துரையோடு உட்கார்ந்து பேசினார். நல்லபடியாகத்தான் பேசினார்கள். மூன்றாம் நாள் காலையில் சத்திரத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

துரையிடம் ஓடினேன். அன்று என்னை வாசலில் யாரும் தடுக்கவில்லை.

“உங்க முகத்துல வந்தவரு, துரை” என்றேன்.

“என் முகம் என்னோடது, துகைம். உத்தரவு அரசாங்கத்தோடது. அரசாங்கத்துக்கு முகம் கிடையாது.”

சொல்லும்போது அழுதார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன் என்று உனக்கு எழுத ஆசைதான். உலுக்கவில்லை. காபி கொண்டுவரச் சொன்னார். குடித்தேன்.

மீனவர் ஒன்று சொன்னார், உம்மாவுக்குச் சொல். படகில் உன் வாப்பா கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாராம். ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, “இவ்வளவு தண்ணியையும் எந்த மடையன் உப்பைக் கொட்டிக் கெடுத்தான்?” என்றாராம். படகில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

பெயர் கேட்டிருந்தாய். ஹாலோவே பெயர் வேண்டாம். செய்தி அவர் காதுக்குப் போனால் வருத்தப்படுவார். பிறகு, பாலைவனத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று அடுத்த புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அதோடு முடிந்துவிடும். உன் வாப்பா அவரை நம்பிச் சேணம் கட்டவில்லை. என்னை நம்பிக் கட்டினார்.

என் பெயரைக் கூவச் சொல். வெறும் துகைம் என்று கூவ வேண்டாம். அந்தப் பெயரில் நல்லவர்களும் இருக்கிறார்கள், அவர்கள்மேல் பழி விழும். ஷலாஷின் தம்பி துகைம் என்று கூவட்டும்.

பதில் எழுத வேண்டாம்.

துகைம்