இரண்டு பள்ளிக்கு ஓர் ஆய்வகம்

ஜூன் 9

அன்புள்ள குருவி,

நீயும் அண்ணாவும் சுகம்தானே? இங்கே அப்பாவுக்குக் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அதனால் என் குரல் இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பிக்கிற பேச்சையெல்லாம் நீதான் முடித்து வைப்பாய். அதனால் கடிதம்.

சுற்றறிக்கை உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கும். நம் வட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளிக்கு அரசாங்கச் செலவில் புது அறிவியல் ஆய்வகம், கூடவே ஆசிரியர் பயிற்சி மையம். எங்கள் ஹெச்.எம். மேடம் அதை என் மேசையில் வைத்து, "நீங்கதான் எழுதணும் டீச்சர், உங்க கையெழுத்து நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கம்ப்யூட்டரில் அனுப்புகிற விண்ணப்பத்துக்குக் கையெழுத்து எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் நிலைமை உனக்குத் தெரியும். நான் படித்தது வேதியியல். இயற்பியல் சார் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. அந்தப் பாடத்தையும் நானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மின்சாரப் பாடம் வந்தால், பலகையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, "புரிஞ்சுதா?" என்கிறேன். பிள்ளைகளும் என்மேல் இரக்கப்பட்டு, "புரிஞ்சுது டீச்சர்" என்கிறார்கள்.

விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துத் திருத்திக் கொடு. உங்கள் பள்ளியும் போடும் என்று தெரியும். சங்கடமாக இருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

உன்
குச்சி



ஜூன் 16

அடி ஒட்டடைக்குச்சி,

விடுதியில் ஒரே அறையில் கிடந்த காலத்தில் நான் வைத்த பட்டப்பெயருக்கு இன்னும் கையெழுத்துப் போடுகிற ஆள் நீ ஒருத்திதான். இந்த லட்சணத்தில் உன்னிடம் எனக்கென்ன சங்கடம்?

படித்தேன். மூன்று பக்கமும் ஒரே கெஞ்சல். 'தயைகூர்ந்து' என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். பக்கம் இரண்டாகக் குறைந்துவிட்டது.

கருவிகள் வேண்டும், கருவிகள் வேண்டும் என்றே எழுதியிருக்கிறாய். வந்தால் யார் தொடுவது? எங்களுக்கு முன்பு ஒருமுறை ஒரு பெட்டி வந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இப்போது சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். சுற்றியுள்ள சின்னப் பள்ளிகளின் ஆசிரியர்களைச் சனிக்கிழமைகளில் உங்கள் ஆய்வகத்துக்கு வரவழைக்க வேண்டும். அவர்களே கையால் செய்து பார்க்க வேண்டும். உடைத்தால் கேள்வி கேட்கக் கூடாது. அவர்களை அழைத்துவர வண்டிச் செலவையும் கேள்.

இதை எங்கள் விண்ணப்பத்தில்தான் எழுத நினைத்திருந்தேன். ஆனால் வருகிறவர்களை எங்கே உட்காரவைப்பேன்? எங்களிடம் இருப்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. உங்களுக்கு மாடி இருக்கிறது. நீ எடுத்துக்கொள்.

நாங்கள் வெறும் ஆய்வகம் மட்டும் கேட்டுப் போட்டிருக்கிறோம். மேல்வகுப்பு அறிவியல் பிரிவில் எனக்கு ஒன்பது பெண்கள். ஒருத்தி இருக்கிறாள், நாங்கள் அவளுக்கு 'ஏன்' என்றே பெயர் வைத்துவிட்டோம். அவள் கேட்கிற கேள்விக்கு நான் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர், உன் அண்ணா, எட்டிப் பார்த்து, "பரீட்சை உனக்கா, அந்தப் பொண்ணுக்கா?" என்கிறார்.

அப்பாவை நான் சத்தம் போட்டு விசாரித்ததாகச் சொல்.

குருவி



ஆகஸ்ட் 21

அன்புக் குருவிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வேறு யார் வாயாலும் நீ கேட்டுவிடக் கூடாது என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன். எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஹெச்.எம். எல்லா வகுப்புக்கும் மிட்டாய் கொடுத்து அனுப்பினார். என் கையிலும் ஒன்று வைத்தார். பிரிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டேன். பள்ளியைப் பார்வையிடக் குழு வந்தபோது அதிகாரி என்ன சொன்னார் என்று உன்னிடம் மறைக்கக் கூடாது. "கட்டடம், மேசை எல்லாரும்தான் கேட்டிருக்காங்க. மத்த ஸ்கூல் டீச்சருங்களையும் சேர்த்து யோசிச்சது நீங்க மட்டும்தான்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹெச்.எம். "எங்க டீச்சர் எப்பவுமே அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டார். நானும் சும்மா நின்றேன்.

உன்னிடமிருந்து ஒரு வரி வந்தால் போதும். திட்டி வந்தாலும் சரி.

குச்சி



செப்டம்பர் 10

குருவி,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். அண்ணாதான் எடுத்தார். "அவ தூங்கறாம்மா" என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை. பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

ஆய்வகம் இல்லாத பள்ளிகளில் மேல்வகுப்பு அறிவியல் பிரிவை மூடப்போவதாக இங்கே பேசிக்கொள்கிறார்கள். உங்களுக்கு ஏதாவது வந்ததா? வதந்தி என்றாவது ஒரு வார்த்தை எழுது.

குச்சி



செப்டம்பர் 24

குச்சிக்கு,

வதந்தி இல்லை. உத்தரவு வந்துவிட்டது. இந்தப் பருவத்தோடு எங்கள் பிரிவு மூடப்படுகிறது. பெண்கள் உங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்ந்துகொள்ளலாமாம். என்னை வேறொரு பள்ளிக்கு, சின்ன வகுப்புக் கணக்குக்கு மாற்றுகிறார்கள்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் நாலைந்து தடவை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, ஏனென்றால் கோபம் இருக்கிறது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நானாகக் கொடுத்தேன், நீ வாங்கிக்கொண்டாய். யாராவது ஏமாற்றியிருந்தால்கூட வாய்விட்டுத் திட்டியிருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது?

பெண்களிடம் நான்தான் சொன்னேன். 'ஏன்' மட்டும் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் அப்பா வேலைக்குப் போகிற வழியில் வந்தார். "தினம் ரெண்டு பஸ் மாறி அவ்ளோ தூரம் அனுப்ப நமக்கு வசதிப்படாது டீச்சர். படிச்ச வரைக்கும் போதும், வீட்ல இருக்கட்டும்" என்றார். நல்ல மனுஷர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார்.

கொஞ்ச நாள் என்னை விடு. எழுதினாலும் பதில் போடுவேன் என்று சொல்ல முடியாது.

குருவி



அக்டோபர் 18

என் குருவிக்கு,

பதில் போட வேண்டாம். படித்தால் போதும்.

கல்வி அலுவலகத்துக்குப் போனேன். நான், தனியாக. ரேஷன் கடையில் பாக்கிச் சில்லறை கேட்கக்கூடத் தயங்குகிற நான். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு அந்த அதிகாரி கூப்பிட்டார்.

"உங்க ஸ்கூலுக்குத்தானே குடுத்தோம், இன்னும் என்னம்மா குறை?" என்றார்.

"சார், நீங்க பாராட்டின சனிக்கிழமைப் பயிற்சி என் யோசனை இல்ல. அதை எழுதினவங்களோட ஸ்கூல்லதான் இப்ப அறிவியல் பிரிவை மூடறீங்க" என்றேன். மெதுவாகத்தான் பேச நினைத்தேன். ஆனால் அப்பாவிடம் கத்திக் கத்திப் பழகிய குரல். பக்கத்து அறை வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு, "நான் என்ன பண்றது? பிரிவு இருந்தா லேப் இருக்கணும்னு விதி" என்றார்.

"அது அதே கட்டடத்துக்குள்ள இருக்கணும்னு விதியில இருக்கா சார்?"

எடுத்துப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். இல்லையாம். செய்முறை வகுப்பை எங்கள் ஆய்வகத்தில் நடத்தினால் உங்கள் பிரிவு அங்கேயே இருக்கலாம். ஆனால் எங்கள் ஹெச்.எம். சம்மதக் கடிதம் தர வேண்டும் என்றார்.

அது அதைவிடப் பெரிய பாடு. "நம்ம லேபை எதுக்குங்க அடுத்த ஸ்கூலுக்குத் திறந்துவிடணும்?" என்றார் மேடம். "சரி மேடம், அப்ப இயற்பியலுக்கு வேற யாரையாவது பாத்துக்குங்க, நான் வேதியியலோட நிறுத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். ஒரு டம்ளர் போதவில்லை. மறுநாள் மத்தியானம் அவரே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து தந்தார்.

உத்தரவின் நகல் இதனுடன் இருக்கிறது. இந்த ஓர் ஆண்டுக்குத்தான் அனுமதி, அதற்கப்புறம் பார்க்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். உன் மாற்றலையும் நிறுத்தியிருக்கிறார்கள். ஆசிரியர்களை ஏற்றுகிற வண்டியிலேயே உன் ஒன்பது பேரும் வரலாம். 'ஏன்' அப்பாவிடம் சொல், பஸ் மாற வேண்டியதில்லை, வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம்.

முதல் சனிக்கிழமை மின்சுற்றுப் பயிற்சி. நடத்த வேண்டியவள் நான். பயமாக இருக்கிறது. உன்னை வரவழைப்பதற்காக இதை எழுதவில்லை. சரி, அதற்காகவும்தான்.

குச்சி



நவம்பர் 20

அன்புள்ள குச்சி,

நேற்று நாம் பேச முடியவில்லை. உன்னைச் சுற்றி ஒரே கூட்டம், எனக்குப் பெண்களை எண்ணி வண்டியில் ஏற்றுகிற வேலை. அதனால் எழுதுகிறேன்.

உன் வகுப்பில் மற்ற ஆசிரியர்களோடு வரிசையில் உட்கார்ந்து, பயிற்சிக்கு வந்தவள் என்று கையெழுத்துப் போட்டபோது எனக்கு உள்ளே சுருக்கென்றது. அதை மறைப்பானேன்? நீ மின்னோட்டத்தை அளக்கிற அம்மீட்டரை எடுத்து விளக்கின் இரண்டு முனையிலும் மாட்டினாய். விளக்கு அணைந்தது. முள் கோடிக்கு ஓடி முட்டிக்கொண்டு நின்றது. நீ என்னைப் பார்த்தாய். இருபது பேரும் உன்னைப் பார்த்தார்கள். அந்த நொடியில் எனக்குள் இருந்த அற்பப் புத்தி கொஞ்சம் சந்தோஷப்பட்டது. அப்புறம்தான் கவனித்தேன், நீ கம்பியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றாய். என்னையறியாமல் கையைத் தூக்கிவிட்டேன்.

"டீச்சர், விளக்கு வழியாப் போக வேண்டிய மின்னோட்டம் இப்ப வேற வழியாப் போகுதோ?" என்றேன்.

நானாக இருந்தால் பேட்டரி சரியில்லை என்று சொல்லிச் சமாளித்திருப்பேன். நீ சமாளிக்கவில்லை. "நான் தப்பா மாட்டியிருக்கேன். எந்த இடத்துலன்னு எல்லாரும் கிட்ட வந்து பாருங்க" என்றாய். பெஞ்சுகள் நகர்ந்த சத்தம் உனக்குக் கேட்டதா? அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். அந்த நரைத்த தலை சார் கம்பியை வாங்கித் தானே கழற்றி மாட்டினார். விளக்கு எரிந்ததும், "இத்தனை வருஷம் போர்டுல வரைஞ்சிருக்கேன், கையில இன்னைக்குத்தான் தொடறேன்" என்று மெதுவாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிப்பார்கள்? பாதிப்பேருக்கு அதே கதைதான். நீ தப்பாக மாட்டியிராவிட்டால் அவர் அதைச் சொல்லியே இருக்கமாட்டார்.

பக்கத்து அறையில் என் பெண்கள் இரண்டு அம்மீட்டரை உடைத்துவிட்டார்கள். உன் ஹெச்.எம். எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. 'ஏன்' வந்திருந்தாள். அவள் அப்பா வண்டி வரும்வரை காத்திருந்து, டிரைவரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. கோபம் முழுசாகப் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகும்.

திரும்பும்போது வண்டியில் அந்தச் சார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த உயரமான டீச்சர் உங்களுக்கு முன்னாடியே பழக்கமாம்மா?" என்று கேட்டார்.

"என் சிநேகிதி சார்" என்றேன்.

சொல்லிவிட்டு ஜன்னல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெரு முனையில் இறங்கி, வீட்டுப் பூட்டைத் திறக்கிறபோதுதான் உறைத்தது. அவர் கேட்டதும், ஒரு கணம்கூட யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

உன்
குருவி