மேடையில் நீங்கள் அழுத அழுகை

அக்கா,

இன்று பள்ளி அலமாரியைத் திறந்ததும் கருவாட்டு வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. உங்கள் அன்னக்கூடை. நாகப்பட்டினம் தெருக்களில் நீங்கள் மீன் சுமந்து விற்ற அந்த அலுமினியப் பாத்திரத்தைத்தான் நம் நாடகத்துக்கு மேளமாகத் தட்டினோம். எவ்வளவு தேய்த்தும் வாசம் போகவில்லை. நீங்களும் லேசில் போகிற ஆளா என்ன!

கடலில் எந்த வலை போடுவது என்று இரண்டு குப்பங்களுக்கும் மூண்ட சண்டையில் உங்கள் வடக்குக் குப்பத்தின் படகுகள் எரிந்தன, உங்களுடையதும்தான். தெற்குக் குப்பத்தில் ஒரு பையன் செத்தான். அதன்பிறகு என் வகுப்பில் பிள்ளைகள்கூட ஊர் பிரிந்து உட்கார்ந்தார்கள். இரண்டு ஊர்த் தாய்மார்களையும் சேர்த்து நாடகம் போடலாம் என்று, ஒற்றுமை வசனமாக எழுதிக்கொண்டு வந்தேன். படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டீர்கள்.

"என்ன டீச்சர், கவர்மெண்ட் விளம்பரம் மாதிரி இருக்கு?" பிறகு உங்கள் குரல் இறங்கியது. "அந்தப் புள்ள எழவுக்கு எங்க ஊருலேருந்து ஒருத்திகூடப் போகல. அதான் அவங்களுக்கு இன்னும் ஆறல."

பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து, தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து அழாத சாவு உங்கள் கரையில் அநாதைச் சாவு. எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

நாடகத்தன்று என் வசனத்தை அப்படியே விட்டுவிட்டு, தலைமுடியை அவிழ்த்து மேடையில் உட்கார்ந்தீர்கள். அந்தப் பையனின் பேரைச் சொல்லி அழத் தொடங்கினீர்கள். அம்மாடி, இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது!

"எரிஞ்சது நம்ம படகு, எந்திரிக்கா!" என்று உங்கள் தம்பி கத்தினார். நீங்கள் அசையவில்லை. கூட்டத்திலிருந்து அந்தப் பையனின் அம்மா எழுந்து வந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று பயந்துபோனேன். அவர் நின்று உங்களையே பார்த்தார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடி உனக்கு?"

சொல்லிவிட்டு உட்கார்ந்து உங்கள் தோளில் கைபோட்டார். அப்புறம் வடக்கும் தெற்குமாகப் பெண்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். நாடகம் எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவரும் கைதட்டவும் இல்லை.

போன மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். தெற்குக் குப்பத்துப் பெண்களை அழைத்துக்கொண்டு முதலில் வந்தவர் அந்த அம்மாதான். உங்கள் தலைமாட்டில் நின்றிருந்த தம்பி நகர்ந்து, "இங்க உக்காருங்கக்கா" என்று இடம்விட்டார்.

எந்த ஊர்ச் சண்டைக்காக நாடகம் எழுத உட்கார்ந்தாலும், வசனம் எழுதுமுன் இப்போது ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன், அக்கா: இங்கே யாருக்காக இன்னும் யாரும் அழவில்லை?