சவரிமுத்து சுவாமியின் தலைக்குப் பின்னால் பல்புகள்

2008 செப்டெம்பர் 14, ஞாயிறு

சிட்னி, கிரவீனில் மார்கரெட் அக்கா வீடு. பின்னேரம் முழுவதும் பதிவு. சவரிமுத்து சுவாமிக்குப் புனிதர் பட்டம் கேட்பதற்காக நான் எடுக்கும் சாட்சியங்களில் இதுதான் மிக நீளமானது. அக்கா சுவாமியின் தங்கை.

சுவாமி யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் பிறந்தவர். ஸாம்பியாவில் ஆற்றோர மிஷன் ஒன்றில் முப்பத்தேழு வருடம் இருந்து, கொலராக் காலத்தில் நோயாளிகளைப் பார்க்கப் போய், அதே நோயில் இறந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஆசிரியர் வேலைக்கு அந்தப் பக்கம் போன எங்கள் ஆட்கள் முதலில் பாய் விரித்தது அவருடைய விறாந்தையில்தான். பிறகு எல்லோரும் சிட்னிக்கு வந்துவிட்டார்கள். ஆகவே சாட்சிகள் இங்கே. புனிதர் பட்டத்துக்கான வழக்கைத் திறக்க வேண்டிய ஆயர் அங்கே.

இங்குள்ள தமிழ்ச் சங்கத் தலைவர் விக்னராஜா என்னைப் பிடித்த காரணம்: "நீங்கள் பேப்பர்க்காரர். அதோடை சைவம். கூட்டிக் குறைச்சு எழுதமாட்டியள் எண்டு ஆயரின்ரை ஆக்கள் நம்புவினம்."

அக்கா வாசல் வரை வந்தார். வயது எண்பத்தொன்று. "தம்பி, நான் உயிரோடை இருக்கேக்கை திறப்பினமோ?"

தெரியாது என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

சுவாமியின் குறைகளையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் சாட்சியம் செல்லாது. ஸாம்பியாவில் ஆசிரியராக இருந்தபோது குடித்துவிட்டு வகுப்புக்குப் போன இந்திரகுமாருக்கு சுவாமி கன்னத்தில் ஒன்று வைத்தாராம். "கட்டாயம் போடுங்கோ அண்ணை. அதுக்குப் பிறகு நான் தொடேல்லை. என்ரை மனிசி இண்டைக்கும் அந்தக் கைக்குத்தான் நன்றி சொல்லுறவ."

நவம்பர் 9, ஞாயிறு

ஸாம்பியாவின் லுசாக்காவில் இருந்து தொலைபேசி. வழக்கைக் கவனிக்கும் குருவானவர். மெல்லிய குரல், நிதானமானவர். ஒரு விதியை விளக்கினார். திருச்சபை முடிவு சொல்லுமுன் மக்கள் ஒருவரைப் புனிதராக்கி வணங்கத் தொடங்கினால் வழக்கு நின்றுவிடும். வீட்டில் படம் வைத்து யாரும் மன்றாடலாம். பொது இடத்தில் பீடம் கூடாது, ஒளிவட்டம் கூடாது, கூட்டமாகச் சேர்ந்து புனிதரே என்று அழைக்கவும் கூடாது. சிட்னியில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாட்சியம் எடுத்தவர் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

நான்தான் அந்த ஆள்.

நவம்பர் 14, வெள்ளி

பெண்டில் ஹில்லில் உள்ள சங்க மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தேன். மாதா சுரூபத்துக்கும் அந்தோனியாருக்கும் நடுவில் சுவாமி. பெரிய படம். மல்லிகை மாலை — பிளாஸ்டிக். தலைக்குப் பின்னால் வட்டமாகச் சின்னப் பல்புகள், சிவப்பு பச்சை மஞ்சளாக மாறி மாறிச் சுற்றுகின்றன. விக்னராஜா மின்வேலைக்காரர், எந்தக் கோயில் திருவிழாவிலும் இதைத்தான் செய்வார்.

"இது ஒளிவட்டம் இல்லை அண்ணை. டெக்கரேசன்."

"சுத்துதே ஐயா?"

"சுத்தினால்தான் சனத்துக்குப் பிடிக்கும்."

பல்புகளைக் கழற்றச் சம்மதித்தார். படத்தைப் பற்றிக் கேட்டதும் வேறு கதைக்குப் போய்விட்டார்.

2009 ஜனவரி 23, வெள்ளி

வன்னிச் செய்திகளை வாசிக்கவே முடியவில்லை. எத்தனை போர்ச் செய்தி எழுதியிருப்பேன் — இப்போது வானொலியை நிறுத்திவிட்டு இருக்கிறேன்.

மண்டபத்தில் இப்போது வெள்ளிதோறும் பெண்கள் கூட்டம். வன்னியில் சொந்தக்காரர் உள்ளவர்கள். சத்தியபாமாவின் தங்கையும் பிள்ளைகளும் உள்ளே அகப்பட்டிருக்கிறார்கள், தொடர்பே இல்லை. அவரும் சைவம்தான். சுவாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்த, புகை அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. வண்டி போன பிறகு திரும்பவும் தொடங்கினார்கள். "புனித சவரிமுத்துவே, எங்கடை பிள்ளையளைக் காப்பாத்தும்." வாசலில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பெப்ரவரி 11, புதன்

தவக்காலத்துக்கு முன் கையெழுத்து வேண்டும் என்று லுசாக்காவில் இருந்து கேட்கிறார்கள்.

விக்னராஜா வழி கண்டுபிடித்துவிட்டார். "படத்தை ஒரு கிழமை என்ரை கார்க் கராச்சிலை வைப்பம். நீங்கள் இல்லையெண்டு எழுதி அனுப்புங்கோ. பிறகு சுவரிலை கொழுவலாம்."

முடியாது என்றேன். கழற்றினால் கழற்றினதுதான், திரும்பக் கொழுவக் கூடாது.

"அப்ப நீங்களே போய்க் கழட்டுங்கோ."

பெப்ரவரி 13, வெள்ளி

போனேன். ஏணியை வைத்து ஏறிவிட்டேன். சத்தியபாமாவும் மற்றவர்களும் வழக்கத்துக்கு முன்பே வந்து கீழே உட்கார்ந்துவிட்டார்கள். சத்தியபாமாவின் முகத்தில் சதையே இல்லை.

"என்ன அண்ணை, தூசு துடைக்கவோ?"

ஓம் என்றேன்.

துடைத்தேன். இறங்கி வந்துவிட்டேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

மார்கரெட் அக்காவிடம் நேரில் சொன்னேன். படம் அங்கேயே இருக்கும், பெண்கள் வருவார்கள், இல்லை என்று என்னால் எழுத முடியாது, எழுதாவிட்டால் வழக்கு திறக்காது.

அக்கா கேட்டார்: "சிங்களப் பொலிசுக்குப் பயந்து அங்கை பேப்பரிலை எத்தினை வரி வெட்டியிருப்பியள். என்ரை அண்ணைக்காண்டி ஒண்டை விட ஏலாதோ?"

"அக்கா, அந்தப் பெண்டுகளிட்டை நான் எப்பிடி—"

"அவையளுக்கு மாதா இல்லையோ? அந்தோனியார் இல்லையோ? எனக்கு இவர் ஒருத்தர்தான்."

தேநீர் தந்தார். தானும் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை.

அவர் கேட்டதில் என்ன பிழை?

பெப்ரவரி 20, வெள்ளி

எழுதினேன். பொது வணக்கம் நடக்கிறது, வெள்ளிதோறும், நானே பார்த்தேன். யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்பதையும் எழுதினேன். அனுப்பியாயிற்று.

மார்ச் 31, செவ்வாய்

பதில். வணக்கம் நின்ற பிறகு மறுபடியும் பார்ப்பார்களாம். அதுவரை வழக்கு இல்லை. கீழே குருவானவர் தன் கையால் ஒரு வரி: அந்தப் பெண்களுக்காகத் தானும் மன்றாடுவதாக.

விக்னராஜா: "ஒரே வரியிலை வழக்கைக் கவிட்டுப் போட்டியளே அண்ணை." அக்கா என் குரல் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஒன்றும் எழுத இல்லை. உடம்பு முழுக்க அலுப்பு.

மே 22, வெள்ளி

சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். சத்தியபாமாவின் தங்கையைப் பற்றி இன்றும் ஒன்றும் தெரியாது.

மண்டபம் கொள்ளாத சனம். கதிரைகள் போதாமல் பக்கத்து அறையில் இருந்து நானும் தூக்கிக்கொண்டு வந்தேன். திரும்பினால் வாசலில் மார்கரெட் அக்கா, கையில் செபமாலை. இந்த வெள்ளிக் கூட்டத்துக்கு அவர் இதுவரை வந்ததில்லை. நடு வரிசையில் ஒரு கதிரையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அக்கா அதில் உட்காரவில்லை. படத்தைப் பார்த்தார். சத்தியபாமாவைப் பார்த்தார்.

"அங்கை, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலை போடும் தம்பி."

கொண்டுபோய்ப் போட்டேன்.